கடற்படைத் தலைமையும் யோக்கியதைப் பேச்சும்

தோழர்களே! நமது போடிநாயக்கனூருக்கும் கடலுக்கும் வெகுதூரம். அப்படியிருக்க, விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்களிடம் கடற்படை அட்மிரல் உத்தியோகத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். இந்தக் கேள்விதான் இந்த வியாசத்துக்கே காரணம். கலெக்டர் என்றால் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அட்மிரல் என்று ஓர் உத்தியோகம் இருப்பதே அவர்கள் காதில் விழுந்ததில்லை. காதில் விழாத உத்தியோகத்துக்கு யார் மனுப் போடுவார்கள்?

அந்த உத்தியோகம் எப்படிக் கிடைக்கிறது என்று முதலில் பார்ப்போம். சப்-லெப்டினன்ட் முதல் அட்மிரல் வரை ஒன்பது படிகள். நான்காம் படியாகிய கமாண்டர் வரை பெரும்பாலும் சர்வீஸ் வருஷக் கணக்கில் ஏறலாம். அதற்கு மேல் ஒவ்வொரு படியிலும் சிலரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றவர்களை நிறுத்திவிடுவார்கள். நடுவில் வெளியாள் யாரும் வந்து தலைமை நாற்காலியில் உட்கார முடியாது. ஆகவே, அறுபது வயதை ஒட்டித் தளபதியாக இருப்பவர், இளம் வயதில் வாசலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவராகத்தான் இருக்க முடியும். அதாவது, இன்றைக்குத் தலைவர் யார் என்பது நாற்பது வருஷத்துக்கு முன்பே வாசற்படியில் தீர்மானமாகிவிட்ட காரியம்.

இதற்குச் சரித்திரமே அத்தாட்சி. 1947-ல் சுதந்திரம் வந்தது. தரைப்படைக்கு 1949-லும், விமானப்படைக்கு 1954-லும் இந்தியர் தலைவரானார்கள். கடற்படைக்கு மாத்திரம் 1958 வரை இங்கிலீஷ்காரரே தலைவர். ஏன்? கடலைக் கண்டால் இந்தியனுக்கு மூளை வேலை செய்யாதா? 1928 வரை அந்தப் படையில் இந்தியனுக்கு ஆபீசர் பதவியே கிடையாது. கதவைச் சாத்தி வைத்திருந்தவனே, உங்களில் அனுபவஸ்தர் இல்லையே என்று சொன்னால் அது என்ன நியாயம்?

வெள்ளைக்காரன் சாத்திய கதவுக்கு நம் சாஸ்திரக்காரர்கள் உள்தாழ்ப்பாளும் போட்டார்கள். கடல் கடந்தால் ஜாதி போய்விடும், பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்றார்கள். 1025-ல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பிய நாட்டில் இப்படி ஒரு சாஸ்திரம்!

அந்தக் கதவு கொஞ்சம் திறந்தவுடன் என்ன நடந்தது? 1927-ல் பம்பாயில், வியாபாரக் கப்பல் ஆபீசர்களைத் தயார் செய்ய, டப்பரின் என்ற பயிற்சிக் கப்பல் ஏற்பட்டது. அதன் முதல் வகுப்பில் சேர்ந்தவர் நமது செங்கற்பட்டில் 1911-ல் பிறந்த ராம்தாஸ் கட்டாரி. படித்துத் தேறியதும் அவருக்கு வாய்த்தது ஹூக்ளி ஆற்றில் அளவெடுக்கும் வேலைதான். 1939-ல் யுத்தம் மூண்டு ஆள் தேவைப்பட்டபோது கடற்படை அவரை ரிசர்வ் ஆபீசராகச் சேர்த்துக்கொண்டது. அவரே 1958 ஏப்ரல் 22-ந்தேதி கடற்படையின் முதல் இந்தியத் தலைவரானார். இந்தியனின் மூளை இந்த 31 வருஷத்தில் மாறிவிடவில்லை, சந்தர்ப்பம்தான் மாறியது.

பெண்கள் விஷயத்திலும் இதே கதைதான். கப்பலில் பெண்களுக்கு வசதியில்லை என்று சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடிற்று. 2020-ல் கோர்ட்டு அதைத் தள்ளி, கடற்படைப் பெண் ஆபீசர்களுக்கும் நிரந்தரப் பதவிக்கு உரிமை உண்டு என்றது. கோர்ட்டு 2021-ல் போட்ட உத்தரவால், 2022 முதல் கடக்வாஸ்லா ராணுவக் கல்லூரியிலும் பெண்கள் சேர்ந்து படிக்கிறார்கள். வசதியில்லை என்றால் வசதி செய்வதா, ஆளைத் தள்ளுவதா?

இன்றைக்கு அந்த வாசல் எங்கே இருக்கிறது? பதினாறரை வயதுக்கு மேல் பத்தொன்பதரைக்குள், பிளஸ் டூவில் கணக்கும் பௌதிகமும் ரசாயனமும் படித்த பிள்ளை, வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கும் என்.டி.ஏ. பரீட்சை எழுதலாம். தேறினால் கடக்வாஸ்லாவில் மூன்று வருஷம். பிறகு கடற்படைப் பயிற்சி எழிமலையில். அந்த எழிமலை, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் நாம் தினம் கூலிக்குப் போகும் அதே கேரளத்தில்தான், கண்ணூர் ஜில்லாவில் இருக்கிறது.

ஆனால் அந்தப் பரீட்சையின் கணக்குக் கேள்வித்தாள் எந்தப் பாஷையில் வருகிறது? இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மாத்திரம். ஹிந்திக்காரப் பிள்ளை தாய்ப்பாஷையில் கணக்கைப் படித்துப் போடுகிறது. குரங்கணியில் தமிழில் கணக்குப் படித்த பிள்ளை முதலில் கேள்வியின் பாஷையை அவிழ்க்க வேண்டும், பிறகுதான் கணக்கு. இதற்குப் பெயர் யோக்கியதைப் பரீட்சையா?

நம் ஊரில் ஏலக்காயைத் தரம் பிரிக்கிறார்கள். சல்லடை பருமனைத்தான் பார்க்கும். எந்தச் சரிவில், யார் தோட்டத்தில் காய்த்தது என்று கேட்காது. இருந்தாலும் ஒரு சரிவுக்குத் தண்ணீர் பாய்ச்சி, இன்னொரு சரிவைக் காயப்போட்டுவிட்டு, இந்தச் செடி ஜாதியே மட்டம் என்று ஒரு வியாபாரி சொன்னால், நம் தோட்டத்துக் கூலியாள் சிரிக்கமாட்டானா? காய் விஷயத்தில் சிரிக்கிறவன் தன் பிள்ளை விஷயத்தில் மாத்திரம், நம் தலையெழுத்து இவ்வளவுதான் என்று ஏன் அழவேண்டும்?

ஆகவே தோழர்களே, பரீட்சைக் கேள்வி தமிழிலும் வரவேண்டும் என்று நாம் ஓயாமல் கேட்க வேண்டும். அது வரும்வரை காத்திருக்கவும் கூடாது. உடுமலைக்குப் பக்கத்தில் அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி நடக்கிறது. ஆறாம் வகுப்பிலேயே பரீட்சை வைத்துச் சேர்க்கிறார்கள். இந்தச் செய்தியை ஒவ்வொரு லயத்திலும், ஒவ்வொரு டீக்கடையிலும் சொல்லுங்கள். பிள்ளையின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் போகும் நேரத்தில், பள்ளிக்கூட வாத்தியாரிடம் போய் மனு நமூனா கேளுங்கள். இன்று எந்தப் பிள்ளை அந்த வாசலில் நுழைகிறதோ, நாற்பது வருஷம் கழித்து அதுதான் தளபதி.