கண்ணாற் கற்பவரா, காதாற் கற்பவரா?

சென்ற தவணை முடிவில் ஓர் அன்னையார் தம் மைந்தனுடன் என்னைக் காண வந்திருந்தார். பையன் உயர்தரப் பரீட்சைக்கு இரு தடவை தோற்றியும் உயிரியலிற் சித்தியெய்தாதவன். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகளே கணக்கிற் கொள்ளப்படுமாதலின், எஞ்சியிருப்பது ஒன்றே.

"சேர், இவன் காதாலை கேட்டுப் படிக்கிற பிள்ளையாம். வாசிச்சா மனத்திலை நிக்காதாம்" என்றார் அன்னையார். எங்கோ கிடைத்த ஒரு வினாக்கொத்தை நிரப்பிப் பையன் கண்ட முடிபு இது. அன்றுதொட்டு நூலைத் தொடுவதில்லை. ஒலிப்பதிவுகளைக் கேட்பதோடு சரி.

வாசக நேயர்களே, இந்தப் பாகுபாடு இன்று மாணவரிடையே மிகவும் பரவியிருக்கிறது. பார்த்தல், கேட்டல், வாசித்தெழுதல், செய்து பழகல் என நால்வகை விருப்பங்களை நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் பிளெமிங் என்பார் 1992 இல் எடுத்துரைத்தார். விருப்பம் உண்டென்பதை எவரும் மறுக்கார். ஆயின் விருப்பம் வேறு, விளைவு வேறு. 2008 இல் அமெரிக்க உளவியலாளர் நால்வர் இதுபற்றிய ஆய்வுகளைத் திரட்டி நோக்கினர். அவரவர் வகைக்கேற்பப் போதித்தால் கல்வி மிகும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்டது.

மாணாக்கரை இனம்பிரிக்கும் ஆசை நமக்கும் புதிதன்று. அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று நன்னூலார் எண்ணியிருக்கிறார். (வகுப்பில் எவரையும் நான் எருமை என்று அழைத்ததில்லை, நினைத்ததுண்டு.) எனினும் கற்கும் முறையைக் கூறவந்தவிடத்து அவர் இனத்துக்கொரு முறை வகுத்தாரல்லர். ஆசான் சொன்னதை முற்றக் கொண்டாலும் அது காற்பங்கே. உடன் கற்பாரோடு பயில்வதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும் என்பது அவர் கருத்து.

இதனோடு ஒட்டிய பரிசோதனை ஒன்றை ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006 இல் வெளியிட்டனர். ஒரு பகுதி மாணவர் ஒரு பாடத்தை நான்கு முறை வாசித்தனர். மற்றொரு பகுதியினர் ஒருமுறை வாசித்து, பின் மும்முறை நூலைப் பாராது நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது வாசித்தவரே முந்தினர்: 83 சதவீதம், மற்றவர் 71. ஒரு வாரங் கழிந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. வாசித்தவர் 40, எழுதியவர் 61. பரீட்சைக்கு முதல்நாள் எல்லாம் தெரிந்ததுபோலத் தோன்றுவதன் மாயம் இப்போது விளங்குகிறதன்றோ?

என் கதையும் இதுவே. 1990களின் முற்பகுதியில், குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில், ஜாம் போத்தல் விளக்கில் படித்தவன் நான். மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. ஒரு பக்கம் வாசித்ததும் அம்மம்மா விளக்கை அணைக்கச் சொல்லுவார். இருளில் இருந்து, வாசித்ததை அவருக்கு வாய்விட்டுச் சொல்லுவேன். தடக்கிய இடத்தைப் பார்க்க மட்டும் விளக்கை மீண்டும் ஏற்றுவோம். என்னையும் காதாற் கற்பவன் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். என் காதில் வேலை ஏதும் நடக்கவில்லை என்பது ஆசிரியனான பின்னரே விளங்கிற்று.

பையனிடம் ஒலிப்பதிவை விடும்படி நான் சொல்லவில்லை. கேட்டு முடிந்ததும் அதை நிறுத்தி, வெறுந்தாளில் தெரிந்ததை எழுதவும், மறுநாள் அதையே தங்கைக்கு விளக்கவும் சொன்னேன். முகம் சுளித்தான்.

மூன்று கிழமையின் பின் வந்தான். இதயத்தின் படத்தைத் தானே கீறி, குருதிச் சுற்றோட்டத்தைத் தங்கைக்குச் சொல்லியிருக்கிறான். "ஏன் அண்ணா, இந்தப் பக்கத்துச் சுவர் மட்டும் தடிப்பு?" என்று அவள் இடது இதயவறையைத் தொட்டுக் கேட்டாளாம். இவனுக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு நூலைத் திறந்தானாம்.