காரணம் எழுதிய கடிதம்

வேலை தேடிய நாள்களில் எனக்கு வந்த மறுப்புக் கடிதங்களை அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ‘வருந்துகிறோம்’ இருக்கும். ஏன் என்பது மட்டும் இருக்காது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்றிரண்டு கடிதங்கள் இருக்கலாம்.

காரணத்தோடு வந்த ஒரு மறுப்புக் கடிதத்தின் கதை இது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம், 1946 ஜனவரி 14. அடா லோயிஸ் சிப்புவல் என்ற 21 வயது கறுப்பினப் பெண், சட்டம் படிக்க வேண்டும் என்று ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே வகுப்பில் படிப்பது அங்கே சட்டப்படி குற்றம். கறுப்பினத்தவர் சட்டம் படிக்க அந்த மாநிலத்தில் வேறு கல்லூரியும் கிடையாது.

அவரைச் சேர்க்கக் கூடாது என்று பல்கலைக்கழக ஆட்சிக்குழு முன்பே சொல்லிவிட்டது. தலைவர் ஜார்ஜ் லின் கிராஸ் நினைத்திருந்தால், ‘நீ படித்த கல்லூரிக்கு அங்கீகாரம் இல்லை’ என்று ஒரு சாக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். வழக்கு அங்கேயே படுத்திருக்கும். ஆனால் அவர் உண்மையை எழுதிக் கொடுத்தார்: தகுதி இருக்கிறது, மறுப்பதற்கு ஒரே காரணம் இனம்.

அந்தத் தாளோடு அடா நீதிமன்றம் போனார். வாதாடியவர் தர்குட் மார்ஷல். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். மாநில நீதிமன்றங்களில் தோல்வி. உச்ச நீதிமன்றமோ 1948 ஜனவரியில், விசாரணை முடிந்த நான்கே நாளில் தீர்ப்புச் சொன்னது: மற்றவர்களுக்குத் தருவதுபோல் இவருக்கும் மாநிலம் சட்டக் கல்வி தர வேண்டும்.

மாநிலம் என்ன செய்தது தெரியுமா? தலைமைச் செயலகக் கட்டடத்தில் சில அறைகளை ஒதுக்கி, மூன்று வழக்கறிஞர்களை அமர்த்தி, ‘இதோ உனக்கான சட்டக் கல்லூரி’ என்றது! அடா அங்கே காலடி வைக்கவில்லை.

மேலும் ஓராண்டுக்கு மேல் போராட்டம். 1949 ஜூன் 18-இல்தான் கேட்ட இடத்திலேயே அனுமதி கிடைத்தது. உள்ளே போனால், வகுப்பின் பின்புறம் ‘கறுப்பினத்தவர்’ என்று எழுதிய தனி நாற்காலி. உணவகத்தில் சங்கிலி கட்டிய தனி மூலை. ஆனால் வெள்ளை மாணவர்கள் சிலர் பாடக் குறிப்புகளைத் தந்து உதவினார்கள். காவலர் இல்லாத நேரம் பார்த்து, சங்கிலிக்குக் கீழே குனிந்து வந்து அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

1950 ஜூனில், அதே பல்கலைக்கழகத்தில் தனியே உட்கார வைக்கப்பட்ட ஜார்ஜ் மெக்லாரின் தொடுத்த வழக்கில், இப்படிப் பிரித்து வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சங்கிலி கழன்றது. அடா சட்டப் பட்டத்தோடு வெளியே வந்தார்.

1992-இல் அவருக்கு ஒரு பதவி தேடி வந்தது. ஒருகாலத்தில் ‘சேர்க்காதே’ என்று சொன்ன அதே ஆட்சிக்குழுவில் உறுப்பினர் பதவி!

இதைப் படித்த இரவு அம்மாவின் டின்னைத் திறந்து பார்த்தேன். ஒரு கடிதத்துக்குக்கூட நான் ‘ஏன்?’ என்று பதில் எழுதிக் கேட்டதில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம்தான். சொல்லாத காரணத்தோடு யாரும் வாதாட முடியாது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அடுத்த முறை மறுப்பு வந்தால், மரியாதையாக இரண்டு வரி எழுதிக் காரணம் கேளுங்கள். நீங்களே ஒருவரை மறுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், உண்மையான காரணத்தை எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருக்கிறதா? அப்படியானால் அந்தக் காரணத்தை இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள்.