பெயரில்லாப் படங்களும் பூட்டிய பதிவேடுகளும்

மலையக மக்களைப் பற்றி எமது பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் கட்டுரைகளிற் பல ஒரே கூற்றுடன் தொடங்குகின்றன: இம்மக்களுக்கு எழுத்துச் சான்றுகள் இல்லை, இவர்தம் வரலாறு வாய்மொழியிலேயே வாழ்கின்றது. இதனைக் கூறியபின் கட்டுரையாசிரியர் நாட்டார் பாடல்கள் நான்கினை எடுத்துக்காட்டி, காமன் கூத்தினைத் தொட்டு, கங்காணியைச் சாடி விடைபெற்றுவிடுகின்றார். நாட்டார் பாடல்களைக் குறைத்து மதிப்பிடுவது எனது நோக்கமன்று. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்திராவிடின் எம் முன்னோரின் குரலே அவிந்திருக்கும். ஆயின் பாடலிலே கண்டிச் சீமை உண்டு, கப்பல் உண்டு, மகளை இழந்த தாயும் உண்டு. அத்தாயின் பெயரோ, அவள் வாழ்ந்த தோட்டமோ, மகள் இறந்த ஆண்டோ இல்லை. அவற்றைத் தரவல்ல சான்று வேறு இடத்தில் இருக்கின்றது. ஹட்டனிலும் டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் தேவாலய அலுமாரிகளுக்குள் தோலட்டையிட்ட பெரும் புத்தகங்களாக அது பூட்டப்பட்டுக் கிடக்கின்றது. எம்மிற் பலர் அதனைத் திறந்து பார்த்ததில்லை.

திறந்து பார்ப்போர் வேறு சிலர் உளர். டிக்கோயாவிலே காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கும் வோர்லி கிறிஸ்து ஆலயம் 1878ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் வண்ணக் கண்ணாடியையும் சேமக்காலையிலுள்ள துரைமார் கல்லறைகளையும் காண வெளிநாட்டார் வருகின்றனர். நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852இல் அபிஷேகம் செய்யப்பட்டது; அங்கும் இதே காட்சிதான். கொள்ளுப்பாட்டன் கோப்பித் துரையாயிருந்தவன் என்றறிந்த ஒருவர் இங்கிலாந்திலிருந்து வந்து, பதிவேட்டைக் கேட்டு, பக்கத்தைப் படமெடுத்துச் செல்கின்றார். அதிற் குற்றமில்லை. தன் வேரினைத் தேடுவது யாவர்க்கும் உரியதே. அத்தேடலுக்கு அரசே துணைநின்ற காலமும் உண்டு. ஜே. பென்றி லூயிஸ் தொகுத்த இலங்கைக் கல்லறைப் பொறிப்புகளின் பட்டியல் 1913இல் கொழும்பில் வெளியாயிற்று. ஐரோப்பியரையே மையமாகக் கொண்ட அந்நூல், நினைவுக்கல் நாட்டப்படாதவர்களுக்கென்றே தனியொரு பகுதியையும் கொண்டிருந்தது. கல்லில்லாத துரைக்கும் காகிதத்தில் ஓரிடம் ஒதுக்கப்பட்டது! பறங்கியர் சமூகமும் வாளாவிருக்கவில்லை. 1908இல் அமைக்கப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம், தேவாலயப் பதிவேடுகளைக் கொண்டு குடும்ப வமிசாவளிகளைத் தயாரித்துத் தன் சஞ்சிகையிலே தொடர்ந்து வெளியிட்டது. எம்மவர் அதனைச் சாதிப்பெருமை என நகைப்பர். நகைக்கட்டும், ஆயின் அவர்கள் எடுகளைப் படித்தனர், பிரதி செய்தனர் என்பதையும் ஒப்புக்கொள்ளட்டும்.

தேவாலயப் பதிவேடு துரைமார்க்கு மட்டுமே உரியது என எண்ணுவது அறியாமையாகும். தோட்டத் தொழிலாளரிடையே சமயப் பணி செய்யவென 1850களில் துரைமாரின் நன்கொடையுடன் அங்கிலிக்கன் திருச்சபையினர் ஓர் அமைப்பை நிறுவினர். அதற்கு அவர்கள் இட்ட பெயரே ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பதாகும். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வருவிக்கப்பட்டனர். கத்தோலிக்கரும் தத்தம் பங்குகளை அமைத்தனர். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றும் எழுதப்பட்டன. அங்கிலிக்கன் ஞானஸ்நானப் பதிவேட்டின் நிரல்கள் இங்கிலாந்தில் 1812ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த மாதிரியைத் தழுவியவை: ஞானஸ்நானத் தேதி, பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், வசிப்பிடம், தந்தையின் தொழில், குருவின் ஒப்பம். கத்தோலிக்கப் பதிவேட்டிலே ஞானத்தாய் தந்தையரின் பெயரும் இடம்பெறும். மேலும் 1908இன் பின்னர், ஒருவர் வேறெந்தப் பங்கிலே மணமுடித்தாலும் அச்செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவிக்கப்பட்டு, அப்பழைய பதிவின் ஓரத்தில் எழுதப்படல் வேண்டும் என்பது திருச்சபை விதி. இவ்வோரக் குறிப்பின் பெறுமதியை எண்ணிப் பார்க்க வேண்டும். பொகவந்தலாவையிற் பிறந்த பெண் பதுளைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாளா, கண்டிக்குப் போனாளா என்பதை எந்தத் தோட்டக் கணக்கும் கூறாது. அந்த ஓரத்திலுள்ள ஒரு வரி கூறும்.

ஹட்டன் பகுதியிலே ஒரு பங்கில் இத்தகைய ஏடொன்றை அரைமணி நேரம் புரட்டும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தொழில் நிரலின் தலைப்பில் ‘கூலி’ என ஒருமுறை எழுதி, அதன் கீழே பக்கம் முடியும்வரை இரட்டைக் குற்றுகள் இட்டிருந்தார் எழுதியவர். இருபது தந்தையரின் வாழ்வு இருபது குற்றுகளுள் அடங்கிவிட்டது. ஆனால் பக்கத்து நிரலிலே தாய்மாரின் பெயர்களுக்குக் குற்று இடப்படவில்லை. அவற்றை எழுதித்தான் ஆகவேண்டும், ஒவ்வொருத்தியும் வேறொருத்தி. மலையகப் பெண்ணொருத்தி தன் சொந்தப் பெயருடன், இன்னாரின் தாய் என்ற முறையில் எழுத்திலே தோன்றும் இடங்கள் எத்தனை உண்டு? செக்றோலிலே அவள் நாட்சம்பளத்துக்குரிய ஓர் ஆள். கங்காணியின் கணக்கிலே அவள் கணவனின் கடனோடு சேர்ந்த கடன். மேலும் சில பக்கங்களைப் பார்க்க நான் விரும்பியபோது, ‘வெளிநாட்டு விசாவுக்கா?’ என்று கேட்டு ஏட்டை மூடிவிட்டனர். மூதாதையரைத் தேடுவதற்கு ஒரு தமிழ் மாணவனுக்கு வேறு காரணம் இருக்கலாம் என்பது அங்கு எவர்க்கும் தோன்றவில்லை.

எம் முன்னோரின் பதிவுகள் அருகியமைக்கு அவர்தம் எழுத்தறிவின்மையைக் காரணம் காட்டுவது இன்னொரு வழக்கம். இது வரலாற்றுக்குப் புறம்பானது. 1860 முதல் 1911 வரை நேத்தாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 பேரும் எழுத்தறிவு மிக்கவர்களா? அவர்களிற் பெரும்பாலார் சென்னைத் துறைமுகத்திற் கப்பலேறிய எளிய மக்களே. எனினும் ஒவ்வொருவர்க்கும் இலக்கம், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் என நிரல்பட எழுதிய கப்பற் பட்டியல்கள் உள்ளன. தென்னாபிரிக்கத் தமிழர் அவற்றைக் கொண்டு இன்று ஆர்க்காட்டுக் கிராமங்களைத் தேடி வருகின்றனர். மொரீசியசிலே மகாத்மா காந்தி நிறுவகம் குடிவரவு ஆவணங்களோடு வந்தேறியோரின் புகைப்படங்களையும் பாதுகாத்து வருகின்றது. இலங்கைக்கு வந்தவர்க்கு இத்தகைய தனியாள் ஒப்பந்தம் இருக்கவில்லை. கடல் குறுகியது, கங்காணி கூட்டமாகக் கொணர்ந்தான், கூட்டம் முழுவதும் அவன் பற்றேட்டில் ஒரு தொகையாக நின்றது. பின்னர் வந்த தகரவில்லையும் ஆளுக்கு இலக்கமே தந்தது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டிய ‘துண்டு’ 1921 வரை வழக்கிலிருந்தது. அதுவும் கடன் தீர்ந்தமைக்கே சான்று கூறிற்று, ஆளின் பிறப்புக்கன்று. சுருங்கக் கூறின், மலிவான தொழிலாளரை மலிவாகவே கொணரும் முறைக்குப் பெயர்ப்பட்டியல் வீண்செலவாயிற்று. அந்த வெற்றிடத்திலேதான் தேவாலய ஏடு நிற்கின்றது.

பெயரை எழுதாமற் கொணர்ந்தவர்கள், பின்னர் எழுதிய பெயரைக் காட்டு என்றனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி இலங்கையிற் பிறந்த ஒருவன் பரம்பரைவழிப் பிரசையாவதற்கு அவன் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். பாட்டனின் பிறப்பை லயத்துக் காம்பராவிலிருந்து எவன் நிரூபிப்பான்? 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளையைத் தெரிந்தெடுத்த மக்களே அடுத்த சில ஆண்டுகளில் வாக்குரிமை இழந்தனர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் மணமானோர்க்கு ஏழு ஆண்டும் ஏனையோர்க்குப் பத்து ஆண்டும் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயரால் விண்ணப்பங்கள் சென்றன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பகிரப்பட்டனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே இவ்வலைச்சலுக்கு ஒரு முடிவைத் தந்தது. ஆகவே, வமிசாவளி தேடுவது ஓய்வுபெற்றோரின் பொழுதுபோக்கு என்று எம்மிடம் எவரும் கூற வேண்டாம். பாட்டனைக் காட்ட இயலாமையால் நாடிழந்த சமூகம் எமது சமூகம்.

இனிப் புகைப்படங்களை நோக்குவோம். ஜூலியா மாகிரட் கமரன் உலகறிந்த புகைப்படக் கலைஞர். 1875இல் இலங்கை வந்து, 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே காலமாகி, பொகவந்தலாவைத் தூய மரியாள் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களிலே டார்வினும் டெனிசனும் பெயரோடு வீற்றிருக்கின்றனர். அது இயல்பே. அவர் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரும் பெயரோடு இருக்கின்றார். கலைவரலாற்றாசிரியர் அவரைப் பற்றி எழுதுகின்றனர். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றிலே தமிழரும் சிங்களவருமான தொழிலாளரும் கிராமத்தவரும் அதே ஒளியில், அதே கவனத்தோடு பிடிக்கப்பட்டுள்ளனர். ஆயின் தலைப்போ ‘களுத்துறைக் குடியானவர்’ என்ற அளவோடு நின்றுவிடுகின்றது. 1876–77இல் அவர் வீட்டுக்கு வந்த ஓவியர் மரியன் நோர்த்தையும் அவர் படமெடுத்தார். அப்படத்துக்குப் பெயர் இருக்கின்றது. கமரனின் கலையை நான் பழிக்கவில்லை. அவருக்குப் பின்வந்த கொழும்புப் படக் கடைகளின் தபாலட்டைகளிலே அக்கலையும் போய், கூடையேந்திய ‘தமிழ்க் கூலிப் பெண்’ மட்டுமே எஞ்சினாள். 1900இல் வெளியான ஹென்றி கேவின் தேயிலை நூலையும் இவ்வகையிலே சேர்க்கலாம். இப்படங்களை எம்மவர் இன்று மாநாட்டு மலர்களின் அட்டையிலே பெருமையோடு அச்சிடுகின்றனர். இவள் யார் என்னும் வினாவை எழுப்பாது அச்சிடுவது பழைய தபாலட்டையை மீண்டும் விற்பதற்கு ஒப்பாகும்.

பெயருள்ள படங்கள் வேறிடத்தில் உள்ளன. லயத்துச் சுவரிலே சுவாமிப் படங்களின் அருகில், தகரப்பெட்டியின் அடியில், நகரத்துப் படக்கடையில் விறைத்து நின்றெடுத்த மணப்படமாக, இந்தியக் கடவுச்சீட்டுக்கென எடுத்த முகப்படமாக அவை இருக்கின்றன. பல குடும்பங்கள் முதன்முதலில் கமராவின் முன் நின்றதே நாட்டைவிட்டு அனுப்பப்படுவதற்காகத்தான். இப்படங்களிலுள்ள முகங்களை அடையாளங்காட்டவல்ல மூதாட்டியர் இன்னும் சிலர் உளர். ஞானஸ்நான ஏட்டையும் அவர்தம் நினைவையும் படத்தையும் ஒருங்கே வைத்தால் மூன்று தலைமுறை எழுந்து நிற்கும். வாய்மொழியைப் போற்றும் எம் ஆய்வாளர்க்கு அதனைப் பயன்படுத்த இதனினும் நல்ல வாய்ப்பு வேறில்லை.

மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். தோட்ட மக்களிற் பெரும்பான்மையோர் இந்துக்கள். தேவாலய ஏடு அவர்களுக்கு என்ன தரும் என்பர். நியாயமான வினா. கிறித்தவக் கிளையொன்று இல்லாத தோட்டக் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் தோட்டப் பாடசாலைச் சேர்வு இடாப்பினையும், துரை அனுப்பிய பிறப்பு அறிக்கைகளையும், தொழிற்சங்கச் சந்தாப் புத்தகத்தையும், மாரியம்மன் திருவிழாக் கணக்கினையும் நாட வேண்டும். தேவாலய ஏட்டை முதலில் வேண்டுவதற்குக் காரணம் சமயமன்று. அது ஓரிடத்திலே, ஆண்டு வரிசையிலே, தொடர்ச்சியாக இருக்கின்றது. தோட்டக் காரியாலய ஏடுகளின் கதி வேறு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் ஒருமுறையும், 1992இல் கம்பனிகளிடம் நிருவாகம் சென்றபோது மறுமுறையும் தோட்டங்கள் கைமாறின. கைமாறுந்தோறும் பழைய கடதாசி யாருக்கு வேண்டும்?

இன்னொரு மறுப்பு மெல்லிய குரலில் வரும். ஏட்டைத் திறந்தால் சாதி வெளிப்படும். மறைத்த மணம் வெளிப்படும். தந்தை பெயர் எழுதப்படாத வெற்றுக் கட்டங்களும் வெளிப்படும் என்பர். வெற்றுக் கட்டங்கள் சிலவற்றின் பின்னால் எந்தப் பங்களா நின்றது என்பதைத் தோட்டத்துப் பெரியோர் அறிவர். துரையின் கொள்ளுப்பேரன் தேடிவரும் பக்கமும் எம் பாட்டி மௌனம் காத்த பக்கமும் ஒரே ஏட்டில் இருக்கக்கூடும். அந்த மௌனத்தை ஊரறிய உடைக்க எவர்க்கும் உரிமையில்லை. ஆதலால் நூறு ஆண்டு கடந்த பதிவுகளை மட்டும் பொதுவில் வைப்பதும், பிந்தியவற்றை அவ்வக் குடும்பத்தார்க்கே காட்டுவதும் தகும். வெட்கத்தைக் காரணம் காட்டி எல்லா ஏட்டையும் பூட்டி வைப்பது, வெட்கப்பட வேண்டியவரை விட்டுப் பாதிக்கப்பட்டவரின் பெயரை அழிப்பதாகவே முடியும்.

குருமாரிடம் நான் கேட்பது ஏட்டையன்று, அதன் படத்தை. பல்கலைக்கழகத்தாரிடம் கேட்பது சற்று அதிகம். கலைப்பீடத்து இறுதியாண்டு மாணவர் பலர் ஆய்வுரை எழுதுகின்றனர்; பத்துப் பேர் பத்துப் பங்குகளின் 1925க்கு முந்திய ஏடுகளைப் படமெடுத்துப் பெயரகராதி தயாரிப்பதை ஆய்வுரையாக ஏற்றுக்கொள்ள ஏன் இயலாது? அகராதி செய்வது எளிதுமன்று. ராமசாமியும் முனியாண்டியும் பக்கந்தோறும் வருவர். ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் மூவர் மூவகையாக எழுதியிருப்பர். ஞானம்மாள் முன்பு மாரியாயி ஆயிருப்பாள். தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்று. இவ்விரண்டையும் அறிந்தவர் லயத்தில் வளர்ந்த மாணவரே. கொழும்பிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வருபவர் அல்லர்.

காத்திருக்கவும் காலமில்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே லயங்கள் மண்ணுள் புதைந்தபோது, உயிர்களோடு தகரப்பெட்டிகளும் புதைந்தன. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் மலைகள் சரிந்தன. அக்கரையிலோ, தாயகம் திரும்பியோர் என்ற பெயரோடு நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியமர்ந்தோரின் பேரப்பிள்ளைகள், தலைமன்னாரில் பிரிந்த தம் உறவினர் எத்தோட்டத்தில் எஞ்சினர் என வினவி வருகின்றனர். அவர்களுக்கு விடைகூறும் ஓர் அகராதி எம்மிடம் இல்லை. முதற்பங்கில் வேலையைத் தொடங்க ஒரு கமராவும், சாளரத்தருகே ஒரு மேசையும், பங்குக் குருவின் ஒப்பமிட்ட கடிதமும் போதும். அடுத்த விடுமுறை ஏப்ரலிலே வருகின்றது. மழைக்கு முன்னர் ஏடு காய்ந்திருக்கும் மாதம் அது.