கடன் இல்லாத நிலத்துக்கும் வில்லங்கம் பாருங்கள்

எங்கள் குழுவில் ஒரு மூத்த உழவர் இருக்கிறார். ரசாயனத்தை விட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு. ஒருநாளும் வங்கிப் படி ஏறியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. போன வருஷம் அங்ககச் சான்றுக்கு விண்ணப்பிக்க ஆவணங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பழைய வேலைப் பழக்கத்தில், "வில்லங்கமும் ஒரு தடவை பார்த்துடலாம்ங்க" என்றேன். பார்த்தால், ஒன்றரை ஏக்கரை அவரே யாருக்கோ கிரயம் செய்து கொடுத்ததாகப் பதிவு ஆகியிருக்கிறது.

"நான் கையெழுத்தே போடலைங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வேறு ஒருவரை அவர் என்று நிறுத்திப் பதிந்துவிட்டார்கள். இப்போது வழக்கு நடக்கிறது. நாற்றங்காலில் நிற்க வேண்டிய மனுஷன் கோர்ட் வராந்தாவில் நிற்கிறார்.

வங்கியில் இருந்த காலத்தில் கடன் கேட்டு யார் வந்தாலும் 30 வருஷ வில்லங்கம் பார்ப்போம், மூலப்பத்திரம் பார்ப்போம், வக்கீல் கருத்து வாங்குவோம். எல்லாம் வங்கிப் பணத்தைக் காப்பாற்றத்தான். ஆனால் அதில் நிலத்துக்கும் ஒரு காவல் இருந்தது. கடனே வாங்காத நம் நிலத்துக்கு அந்தக் காவல் இல்லை. பத்திரத்தைப் பெட்டியில் பூட்டியதோடு நாம் மறந்துவிடுகிறோம். கடன் வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. வங்கி பார்க்கிற வேலையை நாமே பார்த்துக்கொள்வோம் என்கிறேன்.

"பதிவு ஆபீஸ்ல பார்க்க மாட்டாங்களா?" என்று பலர் கேட்கிறார்கள். 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் இவர்தானா, கையெழுத்தை ஒப்புக்கொள்கிறாரா என்று பார்ப்பதுதான் சார்பதிவாளர் வேலை. சொத்து உண்மையில் அவருடையதா என்று விசாரித்துத் தீர்ப்பது அவர் வேலை அல்ல. போலிப் பதிவை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று தமிழ்நாட்டில் 2022-இல் ஒரு சட்டப்பிரிவு வந்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்ற விதியையும் 2025-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆக, போலிப் பத்திரம் பதிவாகிவிட்டால் அதை ரத்து செய்ய நாம்தான் சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அந்த வழக்கையும் விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் போட வேண்டும்.

அதனால், வந்த பின் ஓடுவதைவிட முன்கூட்டியே கண் வைப்பது மேல். பதிவுத்துறை இணையதளத்தில் கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்தால் வில்லங்கத்தைக் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்கள். உட்பிரிவு பிரிந்திருந்தால் பழைய எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். சந்தேகமாக ஏதாவது இருந்தால் அன்றைக்கே பத்திர நகலுக்கு மனுப் போடுங்கள். மாவட்டப் பதிவாளருக்கும் காவல்துறையின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவுக்கும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வக்கீலையும் உடனே பாருங்கள்.

அடுத்தது பட்டா. நம்மில் பலருக்கு இன்னும் தாத்தா பேரில்தான் பட்டா கிடக்கிறது. இறந்தவர் பேரில் கிடக்கும் பட்டா, வேலி இல்லாத காடு மாதிரி. போலி வாரிசுச் சான்றோடு வருபவனுக்கு அதுதான் வழி. பங்காளிகளுக்குள் மனஸ்தாபம் இருந்தாலும் உட்கார்ந்து பேசிப் பாகம் பிரித்துப் பதிந்து, அவரவர் பேருக்குப் பட்டா மாற்றுங்கள். பட்டா மட்டுமே உரிமை ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம். மூலப்பத்திரம் வேண்டும்.

தனி ஆளாக நாம் செய்யக்கூடியது இவ்வளவுதான். அரசிடம் நம் இயக்கம் ஒன்றைக் கேட்க வேண்டும். எந்த நிலத்துக்குக் கிரயமோ பொது அதிகாரமோ பதிவுக்கு வந்தாலும், பதியும் முன்பே பட்டாதாரர் முகவரிக்குப் பதிவுத் தபால் போக வேண்டும். கைபேசிச் செய்தி மட்டும் போதாது. எண்ணை மாற்றிவிட்ட பெரியவருக்கு அது போய்ச் சேராது. பதிவு சில நாள் தாமதமாகும் என்பார்கள். ஆகட்டும். கோர்ட்டில் போகும் வருஷங்களுக்கு முன் அந்தச் சில நாள் பெரிதா?

பத்து வருஷம் தழைச்சத்து போட்டு, மண்புழு திரும்பி வந்த மண் அது. அதை இழந்தால் இன்னொரு இடத்தில் விலைக்கு வாங்க முடியாது. அடுத்த மாசக் கூட்டத்துக்கு விதையோடு உங்கள் சர்வே எண்ணையும் எழுதிக்கொண்டு வாருங்கள். கைபேசி பழகிய இளைஞர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரு மதியத்தில் எல்லோருடைய வில்லங்கத்தையும் பார்த்து முடித்துவிடலாம்.