வாங்கிய கருவி யாருக்குச் சொந்தம்?

கையடக்க விளையாட்டுக் கணினி ஒன்றை விலை கொடுத்து வாங்குகிறோம். அதில் எந்த இயங்குதளம் இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? பிள்ளைகளின் பொழுதுபோக்குக் கருவியில் என்ன பொருளியல் என்று கேட்கலாம். சொத்துரிமை, சந்தை ஆதிக்கம், பொதுவளம் என நான் வகுப்பறையில் நடத்திய பாடங்களில் பாதி அதற்குள் அடங்கியிருக்கிறது.

வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட 'ஸ்டீம் டெக்', ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளை அதில் இயங்கச் செய்வது, 2018-இல் வந்த 'புரோட்டான்' மென்பொருள். வால்வின் லினக்ஸ் பற்று தரும சிந்தனை அன்று. தனது இணையக் கடையில் விற்கும் விளையாட்டுகளுக்குப் பொதுவாக 30 சதவீதம் தரகு பெறும் நிறுவனம் அது. 2012-இல் விண்டோஸ் 8 தனக்கென ஒரு கடையுடன் வந்தபோது, பிறர் நிலத்தில் கடை வைத்திருப்பவரின் அச்சம் அதைப் பற்றிக்கொண்டது. வாடிக்கையாளர் கடைக்கு வந்தால் போதும் என்பதால், வாங்கியவர் வேறு இயங்குதளத்தை நிறுவுவதையும் அது தடுப்பதில்லை.

சோனி இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-இல் லினக்ஸை நிறுவும் வசதி இருந்தது. 2010 ஏப்ரலில் ஒரு மென்பொருள் மேம்படுத்தல் அதைப் பறித்தது. மேம்படுத்த மறுத்தவர்கள் இணையவழி விளையாட்டை இழந்தார்கள். விற்ற பொருளின் ஒரு பகுதியை விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்வதற்கு வணிகச் சொல் எதுவாயினும், நான் அதை அபகரிப்பு என்றே சொல்வேன். அமெரிக்காவில் வழக்கு நடந்து, இழப்பீட்டில் முடிந்தது.

ஏசஸின் 'ராக் அலை' 2023-இல் விண்டோஸுடன் வந்தது. மேசைக் கணினிக்கான இடைமுகம் சிறு திரையில் இடறவே, பலர் ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்ட 'பஸைட்' போன்றவற்றுக்கு மாறினார்கள். 2025 மே மாதம் லெனோவாவே ஸ்டீம் இயங்குதளத்துடன் ஒரு கருவியை விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், கையடக்கக் கருவிக்கேற்ற முழுத்திரை இடைமுகத்துடன் மைக்ரோசாஃப்ட் வந்தது. போட்டி செய்யும் வேலை இதுதான்.

ஆனால், இந்த மாற்றுகள் நிற்கும் தரை கெட்டியானதல்ல. பஸைட் தன்னார்வலர்களின் உழைப்பு. 32-பிட் மென்பொருள் தொகுப்புகளைக் கைவிடும் யோசனை 2025-இல் ஃபெடோராவில் எழுந்தபோது, அது நிறைவேறினால் பஸைட்டை மூட நேரிடும் என அதன் நிறுவனர் அறிவித்தார். எதிர்ப்புக்குப் பின் யோசனை திரும்பப் பெறப்பட்டது.

விளையாட்டு நிறுவனங்களின் கதவு வேறு. ஏமாற்று வேலைகளைக் காரணம் காட்டி, 2024 இறுதியில் 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' லினக்ஸ் பயனர்கள் அனைவரையும் வெளியேற்றியது. விளையாட்டு இலவசம்தான். அதற்குள் காசு கொடுத்து வாங்கியவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்பிய ஸ்டீம் டெக் உரிமையாளர், விண்டோஸிடம்தான் திரும்ப வேண்டியிருந்தது.