மந்திரக்காரிக்குத் தெம்பு வேண்டாமா?



சுவர்ப் பத்திரிகை என்றால் மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்றுதான் எழுத வேண்டுமா? போன மாதம் அதை நான்கு பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒரு கம்ப்யூட்டர் கேமைப் பற்றி எழுதுகிறேன். "கேமா?" என்று முகம் சுளிக்கிறவர்கள் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள். இதில் விளையாட்டைவிடக் கணக்குதான் அதிகம்.

கேமின் பெயர் டயாப்லோ 2. அமெரிக்காவில் பிளிசார்ட் நார்த் என்ற குழுவினர் செய்தது. 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்தது, அதாவது நான் பிறப்பதற்கு ரொம்ப வருஷம் முன்னாடி. 2021-இல் படங்களை எல்லாம் புதுசாக்கி மறுபடி வெளியிட்டார்கள். பழையது லேசான கேம் என்பதால் பெரியப்பா மகன் அண்ணனுக்கு பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப்பிலேயே ஓடுகிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் பேய், ரத்தம் எல்லாம் வரும். 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றுதான் அமெரிக்காவில் முத்திரை குத்தியிருக்கிறார்கள். அதனால் மவுஸ் அண்ணன் கையில், நோட்டும் பேனாவும் என் கையில். எந்தப் புள்ளியை எதில் போடலாம் என்று கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

இந்த மாதிரி கேமில் நமக்கு ஒரு ஆள் கிடைப்பார். அந்த ஆளுக்கு நான்கு குணங்கள் உண்டு. ஸ்ட்ரெங்த் என்றால் பலம். டெக்ஸ்டெரிட்டி என்றால் கைத்திறமை. வைட்டாலிட்டி என்றால் உடம்புத் தெம்பு. எனர்ஜி என்று நான்காவது ஒன்று, அது மந்திர சக்தி. ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் 5 புள்ளி கிடைக்கும். அதை இந்த நான்கில் நம் இஷ்டம்போல் பிரித்துப் போடலாம். எப்படிப் பிரிக்கிறோமோ அதற்குத்தான் 'பில்டு' என்று பெயர். வீடு கட்டுகிற மாதிரி ஆளைக் கட்டுவது. லெவல் 99 வரைக்கும் உண்டு. 98 தடவை ஏறினால் 490 புள்ளி. நிறைய என்று தோணும். ஆனால் பத்தவே பத்தாது!

அண்ணன் எடுத்தது சார்சரஸ் என்ற மந்திரக்காரி. நெருப்பு, பனி, மின்னல் மூன்றும் அவள் கையில். ஆரம்பத்தில் அவளுக்குப் பலம் 10, கைத்திறமை 25, தெம்பு 10, மந்திர சக்தி 35. பார்பேரியன் என்ற முரட்டு வீரனுக்கோ பலம் 30, தெம்பு 25, மந்திர சக்தி வெறும் 10.

இப்போது நீங்களே சொல்லுங்கள். மந்திரக்காரிக்குப் புள்ளியை எதில் போடுவீர்கள்? மந்திரத்தில்தானே? அண்ணனும் அப்படித்தான் போட்டார். முதல் முப்பது லெவலும் கண்ணை மூடிக்கொண்டு மந்திர சக்தியிலேயே போட்டார். "இவ மந்திரக்காரிடி, இவளுக்கு எதுக்குத் தெம்பு?" என்று கேட்டார். நோட்டில் போட்டுப் பார்த்தேன். அவள் உயிர் 40-இல் ஆரம்பிக்கிறது. லெவலுக்கு 1 வீதம் தானாகவே கூடும். முப்பது தடவை ஏறினதும் உயிர் 70. மந்திரக் குடத்தில் மட்டும் 395. அதே 150 புள்ளியையும் தெம்பில் போட்டிருந்தால், புள்ளிக்கு 2 உயிர் என்ற கணக்கில் 370 உயிர் இருந்திருக்கும். இரண்டாம் கட்டத்தில் போய் 70 உயிரோடு நின்றாள். இரண்டு மூன்று அடிதான், கீழே விழுந்துவிட்டாள். குடத்தில் மந்திரம் அப்படியே தளும்பிக்கொண்டு இருந்தது.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. இந்தக் கேமில் மந்திர சக்தியைக் கூட்டினால் மந்திரம் பலமாக அடிக்காது! பேர் அப்படி இருப்பதால் எல்லாரும் ஏமாறுகிறார்கள். மந்திரத்தின் பலம் ஸ்கில் பாயின்டிலும், போட்டிருக்கும் சாமான்களிலும்தான் இருக்கிறது. எனர்ஜி என்பது குடத்தின் அளவு மட்டும். குடம் காலியானாலும் இரண்டு நிமிஷத்தில் தானாக நிரம்பிவிடும். அவசரம் என்றால் வழியில் கிடக்கிற நீலக் குப்பியை எடுத்துக் குடித்துக்கொள்ளலாம். உயிர் அப்படி இல்லை. அடி தாங்காதவள் குப்பியைத் திறக்கும் முன்னாடியே போய்விடுவாள். நைட்மேர், ஹெல் என்ற கடைசி இரண்டு கட்டங்களில் செத்தால் சேர்த்துவைத்த அனுபவத்திலும் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். ஹார்ட்கோர் என்று ஒரு முறை உண்டு, அதில் ஒரு தடவை செத்தால் அவ்வளவுதான். மறுபடி முதல் லெவலில் இருந்து புது ஆள்.

அதனால் நன்றாக விளையாடுகிறவர்கள் மந்திரக்காரியை எப்படிக் கட்டுகிறார்கள் தெரியுமா? பலம், தான் போடவேண்டிய கவசத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். கைத்திறமை, கேடயத்தால் தடுப்பதற்கு வேண்டிய அளவு. மந்திர சக்தியில் பெரும்பாலும் ஒன்றுமே போட மாட்டார்கள். மீதி எல்லாம் தெம்பு. அடியை உயிருக்குப் பதில் மந்திரக் குடத்தில் வாங்கிக்கொள்கிற எனர்ஜி ஷீல்டு என்று ஒரு வித்தை இருக்கிறது. அதை நம்பி ஆடுகிறவர்கள் மட்டும் மாற்றிப் போடுவார்கள். மற்றபடி இதுதான் வழக்கம். மாத்தி யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. வெளியில் கிடைக்கிற பொருளுக்குச் சொந்தப் புள்ளியை ஏன் செலவழிக்க வேண்டும்?

நான்கிலும் சமமாகப் பிரித்துப் போட்டால் என்ன என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். அதையும் போட்டுப் பார்த்தோம். எல்லாம் அரைகுறையாக நின்றது. மானார்க் என்ற பெரிய கேடயத்தைத் தூக்க 156 பலம் வேண்டும். 155 வைத்திருந்தால் பாதிக் கேடயம் தர மாட்டார்கள். கைத்திறமையும் லெவலோடு சேர்ந்து ஏறினால்தான் தடுக்க முடியும், லெவல் மட்டும் ஏறினால் தடுக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். மந்திரக்காரி 10-இல் இருந்து 156-க்குப் போக 146 புள்ளி. கிட்டத்தட்ட 29 லெவல் சம்பாத்தியம், ஒரு கேடயத்தைத் தூக்குவதற்காக மட்டும்! பலம் கூட்டும் சாமான் ஏதாவது மாட்டிக்கொண்டால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். அண்ணனும் நானும் இதற்காக ஒரு வாரம் சண்டை போட்டோம்.

இன்னொரு அநியாயமும் கண்ணில் பட்டது. ஒரு தெம்புப் புள்ளி போட்டால் பார்பேரியனுக்கு 4 உயிர் கூடும், மந்திரக்காரிக்கு 2 தான். பொம்பளைப் பிள்ளை என்று குறைத்துவிட்டார்களோ என்று எனக்குக் கோபம். தேடிப் பார்த்தால் அப்படி இல்லை. நெக்ரோமேன்சர் என்ற ஆணுக்கும் 2 தான். அமேசான் என்ற வில்வீரப் பெண்ணுக்கும் பாலடின் என்ற ஆண் வீரனுக்கும் சமமாக 3. தொழிலைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தக் கேமுக்கெல்லாம் முன்னோடி, பகடை உருட்டி ஆடுகிற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் கொண்டுவந்தது. அதன் 1978-ஆம் வருடத்து விதிப் புத்தகத்தில், பெண் பாத்திரத்தின் பலம் ஆணுக்கு உள்ள உச்சத்தைத் தொடக்கூடாது என்றே எழுதி வைத்திருந்தார்கள். நெருப்பு கக்குகிற டிராகன் வரலாமாம், ஆணுக்குச் சமமாகப் பலமுள்ள பெண் வரக்கூடாதாம்! 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அதை எடுத்தார்கள்.

டயாப்லோவில் புள்ளிக்கு 2 தான் கிடைக்கிறது என்று தெரிந்தும் நல்ல ஆட்டக்காரர்கள் மந்திரக்காரிக்குத் தெம்பைக் குறைப்பதில்லை. கம்மியாகக் கிடைப்பதால்தான் இன்னும் அதிகமாகப் போடுகிறார்கள். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

எங்கள் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு விளையாட்டுப் பீரியட் உண்டு. டைம் டேபிளில் உண்டு. தேர்வு நெருங்கினால் பையன்களை மைதானத்துக்கு விட்டுவிடுகிறார்கள். எங்களைப் பார்த்து, "நீங்க படிக்கிற பிள்ளைங்க, உட்கார்ந்து கணக்குப் போடுங்கம்மா" என்கிறார்கள். நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் இது அண்ணன் கட்டின மந்திரக்காரி மாதிரிதான் இருக்கிறது. படிக்கிறவள் என்றால் எல்லாப் புள்ளியும் படிப்பில். வீட்டுக்குப் போனால் தண்ணீர்க் குடம், பாத்திரம், தம்பி. காலையில் பிரேயரில் மயங்கி விழுகிறவர்கள் யார் என்று ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். எங்கள் வரிசையில்தான் விழுகிறார்கள். வாரம் ஒரு நாள் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள், நான் விடாமல் சாப்பிடுகிறேன். ஆனால் குப்பி வேறு, தெம்பு வேறு.

"ஓடினால் மார்க் வருமா?" என்று கேட்பீர்கள். மந்திரக்காரி தெம்பில் போட்ட புள்ளியாலும் ஒரு பேய்கூடச் சாகவில்லைதான். அவள் நின்றதால் மந்திரம் போட முடிந்தது. மூன்று மணி நேரப் பரீட்சையில் இரண்டாவது மணி நேரத்தில் தலை சுற்றினால், படித்தது எல்லாம் தளும்பிய குடம்தான்.

அண்ணனுக்கும் ஒரு வழி கிடைத்தது. 2010-ஆம் ஆண்டு வரை இந்தக் கேமில் போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்க முடியாது. தப்பாகக் கட்டினால் ஆளையே கைவிட வேண்டியதுதான். அந்த வருடம் 1.13 என்ற திருத்தம் வந்தது. அக்காரா என்ற பாட்டியிடம் போனால் எல்லாப் புள்ளியையும் பிரித்துக் கொடுப்பாள், திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். கட்டத்துக்கு ஒரு வாய்ப்பு, ஆக மூன்று. கஷ்டப்பட்டுப் பிழைத்தவனுக்குத்தான் மதிப்பு, இது சலுகை என்று சிலர் சொல்வார்களாம். எனக்கு அப்படித் தோணவில்லை. தெரியாமல் போட்ட புள்ளிக்கு ஆளையே ஏன் தூக்கிப் போட வேண்டும்?

எங்கள் கோரிக்கை பெரிதில்லை. புதன்கிழமை ஆறாவது பீரியடை மட்டுமாவது ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குத் திருப்பித் தாருங்கள். அந்தக் கணக்கை மதியம் சாப்பாடு முடிந்ததும் இருபது நிமிஷம் உட்கார்ந்து போட்டுவிடுகிறோம். பதினோரு பேர் சம்மதித்து நோட்டில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். த்ரோபால் ஒன்று தலைமையாசிரியர் அறை பீரோ மேலே இருக்கிறது. காற்றுதான் இறங்கிப்போய்க் கிடக்கிறது. பம்பு எட்டாம் வகுப்பு சாரிடம் இருப்பதாகக் கேள்வி.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி