1000 வாட்ஸ்... எங்கேர்ந்து பாஸ் வருது?

உங்க ஹாஸ்டல் ரூம் குட்டி ஸ்பீக்கரோட அட்டைப்பெட்டி இன்னும் இருக்கா பாஸ்? அதுல '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.'னு போட்டிருந்தா, கூட வந்த அடாப்டரைத் திருப்பிப் பாருங்க. 12 வோல்ட், 1 ஆம்பியர்னு இருந்தா, பெருக்கினா 12 வாட்ஸ். உள்ளே போறதே 12தான். கண் சிமிட்டுற நேர உச்சத்தை அவங்கவங்க இஷ்டத்துக்குக் கணக்குப் போட்டதுதான் அந்த 1000!

பி.ஐ.எஸ். முத்திரை இருக்கேம்பீங்க. அதுக்கான ஐ.எஸ். 616 பார்க்கிறது ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமாங்கிறதை. பாட்டு எப்படிக் கேக்கும்னு இல்லை.

நம்ம பென்னலூர்லேர்ந்து கொஞ்ச தூரம் போனா ஒரகடத்துல வண்டிகளைச் சோதிக்க தனி மையமே இருக்கு. 2023-லேர்ந்து பாரத் என்கேப்ல மோதிப் பார்த்த காரோட மார்க்கை யாரும் பார்க்கலாம். ஸ்பீக்கருக்கு மட்டும் மார்க் ஷீட் கிடையாதா?

செலவாகும்னு கம்பெனிகள் சொல்லலாம். 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஓடவிட்டு அளக்காம எவரும் உருப்படியா ஸ்பீக்கர் டிசைன் பண்ண முடியாது. கிராஃப் ஏற்கெனவே அவங்க கம்ப்யூட்டர்ல தூங்குது. எடுத்துப் போட என்ன கஷ்டம்?

ஆனா வெறும் நம்பர் போதாது. அமெரிக்காவுல ஃபெடரல் டிரேட் கமிஷன், வீட்டு ஆம்ப்ளிஃபயர் பவரை எப்படி அளந்து விளம்பரம் பண்ணணும்னு 1974-லேயே விதி போட்டுச்சு. 2024-ல அதை இறுக்கினாங்க: 8 ஓம் லோடு, டிஸ்டார்ஷன் 1 சதவீதத்துக்குக் கீழே. 10 சதவீதம் வரைக்கும் விட்டா வாட்ஸ் ஏறும், கூடவே கரகரப்பும் ஏறும்.

அடுத்த தடவை ரிச்சி ஸ்ட்ரீட் போறப்ப கேட்டுப் பாருங்க: "அண்ணே, இது எத்தனை சதவீத டிஸ்டார்ஷன்ல அளந்தது?"